அடகு மீட்பு

தொண்டி கூட்டுறவு வங்கியில் என் தோடு இருக்கிறது.
காரங்காட்டுக் கொட்டகையில் எண்ணூறு கோழிகள் இருக்கின்றன.
அதை வைத்துத்தான் இது வந்தது.

ஆர்.எஸ். மங்கலத்து ரைஸ்மில் தவிடு
மூட்டை மூட்டையாய் வரும், மலிவு.
திண்டுக்கல் மக்காச்சோளம்
நகைக்கடை எடை போல வரும்.
கால்நடை டாக்டர் ரிஸ்வானா
தவிட்டை உள்ளங்கையில் பரப்பிச் சொன்னார்:
"பாஸ்பரஸ் இதுல நெறைய இருக்கு.
பாதிக்கு மேல கோழிக்குக் கெடைக்காது.
வந்த மாதிரியே போயிரும்."

எனக்கு அது உடனே புரிந்தது.
நகை வங்கியில், சீட்டு கையில்.
என் கோழிகள் இத்தனை நாளும்
அடகுச் சீட்டைத்தான் கொத்தியிருக்கின்றன.

அதனால் எலும்புக்கும் ஓட்டுக்கும்
வெள்ளைப் பொடியை விலைக்கு வாங்கிக் கலந்தேன்.
தவிட்டில் இருந்தது எச்சமாய் விழுந்தது.
விலைக்கு வாங்கியதிலும் கொஞ்சம் எச்சமாய் விழுந்தது.
ஐப்பசி மழை எல்லாவற்றையும் கூட்டி அள்ளி
வாய்க்கால் வழியே
அலையாத்திக் காட்டுக்குள் கொண்டுபோனது.

பெர்க்மான்ஸ் நண்டு வலையோடு வந்தார்.
சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
வலையை என் வாசலில் விரித்தார்.
கண்ணிக்குக் கண்ணி பச்சைச் சளி.
"ஒங்க கோழி மூக்குக்கு மட்டுந்தான்னு
நெனச்சிருந்தேன், ஜெனோவா."
அவர் சம்சாரம் வாராவாரம் ஒரு தட்டு முட்டை எடுப்பாள்.
அந்த வாரம் வரவில்லை.
அதற்கடுத்த வாரமும்.

நொதி, என்றார் டாக்டர்.
பையில் பைட்டேஸ் என்று எழுதியிருந்தது.
டன் தீவனத்துக்கு ஒரு டம்ளர்கூட இல்லை.
தவிட்டுக்குள் போய், கட்டியிருப்பதை அவிழ்த்து
கோழியின் கணக்கில் வரவு வைக்குமாம்.
இத்தனை சிறியது
இத்தனை பெரிய கடனை அடைக்குமா?
வட்டி கட்டும் எவளும் நம்ப மாட்டாள்.

ஆனாலும் மாசியில் வாங்கி
தகரக் கொட்டகையில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன்.
வெள்ளைப் பொடியைப் பாதியாய்க் குறைத்தேன்.
சித்திரை வந்தது.
கூரையைத் தொட்டால் கை கொப்பளிக்கும் சித்திரை.
முட்டை ஓடு அப்பளமானது.
எடுக்கும்போதே விரலுக்குள் உடைந்து வழிந்தது.
பதினோரு நாள் வீட்டில் ஆம்லெட்.
சின்னவன் தட்டைப் பார்த்து அழுதான்.

டாக்டர் பையைத் தொட்டுப் பார்த்தார்.
"வெயில்ல செத்துப் போச்சு.
இதை எங்க வைக்கணும்னு நான் சொல்லாமப் போயிட்டேன்."
ஒரு படித்த பெண் தன் தப்பை
என் கொட்டகைக்குள் நின்று சொன்னதை
அன்றுதான் கேட்டேன்.

இரண்டாவது பை ஃப்ரிட்ஜில் இருந்தது,
நெத்திலிக்கும் தயிருக்கும் நடுவே.
முதலில் இரண்டு கிலோ தவிட்டில் பிசறி,
அதைப் பத்தில் பிசறி,
பத்தை நூறில் போட்டு
சிமெண்டுத் தரையில் மண்வெட்டியால் புரட்டினேன்.
அவசரப்பட்டால்
ஒரு கோழிக்கு எல்லாம் கிடைக்கும்,
மற்றதற்கு ஒன்றுமில்லை.
ரேஷன் கடையில் வரிசை நின்றவளுக்கு
இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆடிக்குள் ஓடு இறுகியது.
இரண்டு மூட்டைப் பொடி வாங்கிய இடத்தில்
ஒன்று போதும் என்றானது.
தவிட்டை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.
நாற்றம் போகவில்லை.
அது வேறு கணக்கு.
எச்சத்தைக் குழியில் போட்டு மூடி
முண்டு மிளகாய்க்காரர்களுக்கு விற்கிறேன்.
வாய்க்காலுக்கு ஒரு வரப்பும் போட்டேன்.
நொதி எல்லாவற்றையும் செய்யாது.

மறுபடி ஐப்பசி.
வலையில் எவ்வளவு பச்சை என்று
பெர்க்மான்ஸ் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
அவர் சம்சாரம் காலித் தட்டோடு வந்து நின்றாள்.
ஒரு முட்டையைக் காதருகே வைத்து
நகத்தால் தட்டிப் பார்த்தாள்.
"கெட்டியாத்தான் இருக்கு" என்றாள்,
முப்பதையும் எண்ணி எடுத்துக்கொண்டு
கடன் சொல்லிவிட்டுப் போனாள்.

என் தோட்டுக்கு இன்னும் பதினாலு தவணை.
கோழிகளே,
நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.