வாரம் ஒன்று

கழனிவாசல் ரோட்டில்
டயர் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே
எட்டடிக்குப் பத்தடி.
சுவரில் என் சர்டிஃபிகேட்,
முதலாளியின் ஊதுபத்திப் புகையில்
பெயர் பாதி மஞ்சள்.

கூரியர் பெட்டியைப் பிரித்தால்
தங்க மூடி, பாயும் குதிரை, மலையுச்சியில் ஒரு குடும்பம்.
நான் முதலில் பின்பக்கம் திருப்புவேன்.
முன்பக்கம் பேசுவது சந்தையில் கூவுகிறவன்.
பின்பக்கம், எறும்பு எழுத்தில்,
கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறவன்.

ஜிம்முக்குப் போகும் தெரன்ஸ்
மூவாயிரத்து இருநூறு ரூபாய் டப்பாவை
இடுப்புக் குழந்தையாய் அணைத்து நின்றான்.
கரண்டிக்கு எவ்வளவு புரோட்டீன் என்று கேட்டேன்.
'இருபத்தி நாலு கிராம், அக்கா.'
'நாலு முட்டை.'
டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
'முட்டையில குதிரை இல்லையேக்கா.'
வாங்கித்தான் போனான்.
பில் போட்டதும் நான்தான்.

நேற்று சேவுகன் வந்தார்.
கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல்.
முற்றம் நிறைய வெயில்.
அந்த வெயில் சினிமாக்காரர்களுக்கு நாள் வாடகை;
ஷாட்டில் விழக்கூடாதென்று
இவர் சாவிக்கொத்தோடு பின்கட்டு இருட்டில்.
ரத்தத்தில் வைட்டமின் டி ஒன்பதாம்.
டாக்டர் எழுதியிருந்தார்:
வாரம் ஒன்று, எட்டு வாரம்.

'இன்னொரு அட்டை குடும்மா.'
'போன வாரம்தானே எட்டு வாங்கினீங்க?'
'தீந்துபோச்சு. சத்துதானே,
தினம் ஒண்ணு போட்டா சுருக்க ஏறும்ல.'
இரண்டு நாளாய் நாக்கு வறண்டு கிடக்கிறதாம்.
சோறு இறங்கவில்லையாம்.

எப்படிச் சொல்ல?
தண்ணீரில் கரைகிற சத்து மிஞ்சினால்
பெரும்பாலும் ஒன்றுக்கிருந்தால் போய்விடும்.
இது கொழுப்பில் கரைவது.
வாடகைக்கு வந்து
வீட்டையே எழுதி வாங்கிக்கொள்ளும் ஜாதி.
'வீட்டையா?' என்றார். அது புரிந்தது.

டாக்டருக்கு ஃபோன் போட்டேன்.
காலி அட்டையைக் கையில் கொடுத்து
இதைக் காட்டுங்கள், இப்போதே போங்கள் என்றேன்.
கல்லாவிலிருந்து முதலாளி நிமிர்ந்தார்,
விற்காத அட்டையை நான்
திரும்ப அடுக்கில் வைக்கும் சத்தத்துக்கு.

சேவுகன் படியிறங்கி
தெருவின் வெயில் பக்கமாகவே நடந்தார்.
அவசரமாக. அதையும்
ஒரே நாளில் போட்டுக்கொள்கிறவர் போல.

நாலு மணி.
என் ஹீமோகுளோபின் ஒன்பதரை.
இரும்பு மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரில் விழுங்கிய கையோடு
டீ வந்துவிட்டது.
இரும்பை டீ பிடித்து வைத்துக்கொள்ளும்,
ஒரு மணி நேரமாவது பொறுங்கள் என்று
நாளெல்லாம் சொல்கிற வாய் இது.
இஞ்சி வாசனை.
கடையில் ஆளில்லை.

டம்ளரை மூடி வைத்தேன்.
பிறகு திறந்தேன்,
ஆறிவிட்டதா என்று பார்க்க மட்டும்.