பெயர் வராத ஆண்டு

என் பெயர் உர்-எமுஷ். ஆடு எண்ணுகிறவன்.
பேரரசு எப்படி எழுந்தது என்று
என்னிடம் கேட்டுப் பயனில்லை.
அது எழுந்தபோது நான் குனிந்து
பலகைக்குக் களிமண் பிசைந்துகொண்டிருந்தேன்.

நினைவிருப்பது இவ்வளவுதான்:
உம்மாவின் படியும் லகாஷின் படியும்
இனி ஒரே அளவு என்று ஆணை வந்தது.
பழைய படிகளை வாசலில் போட்டு உடைத்தோம்.
ஒன்று மட்டும் உடையாமல் உருண்டுபோய்
வாய்க்கால் ஓரம் நின்றது.
அதில் ஒரு நாய் பல நாள் தண்ணீர் குடித்தது.

பிறகு முறை வைத்தார்கள்.
இந்த மாதம் கிர்சு, அடுத்த மாதம் பாபிலோன்,
அதற்கும் பிறகு மலைக்கு அப்பாலிருந்து சூசா.
எல்லா ஊரும் ஊருக்கு அனுப்பின;
தலைநகரின் பெயரே ஊர்.
முதலில் புழுதி வரும், பிறகு கத்தல், பிறகு ஆடுகள்.
கொழுத்தது, மெலிந்தது, வாற்கோதுமை தின்றது,
புல் தின்றது, வழியில் செத்தது.
செத்ததற்கும் கணக்கு உண்டு:
தோல் பட்டறைக்கு, இறைச்சி நாய் வளர்ப்பவனுக்கு.
எலும்பைக் கேட்டவரில்லை.
அதில்தான் எழுத்தர்கள் நாங்கள் கஞ்சி காய்ச்சினோம்.

ஆட்சி என்பது, நான் பார்த்த அளவில்,
ஈரம் காய்வதற்குள் எழுதி முடிப்பது.

ஆண்டுக்கு ஒரு பெயர் வரும்.
கால்வாய் வெட்டிய ஆண்டு.
தேவிக்குப் படகு செய்த ஆண்டு.
சிமுர்ரும் ஒன்பதாம் முறை அழிக்கப்பட்ட ஆண்டு.
ஒன்பது முறை அழிந்த இடத்திலிருந்து
மறுமாதமே நாற்பது ஆடு வந்தது.
யார் ஓட்டி அனுப்பினார்கள் என்று குறிக்கப்
பலகையில் கட்டம் கிடையாது.

நெசவுக்கூடத்து கெமே-ஷாகனுக்கு மாதம் முப்பது படி,
மடியிலிருந்த பெண்ணுக்குப் பத்து.
சில ஆண்டு கழித்து அதே வரிசையில்
அவள் பெயருக்குப் பக்கத்தில் 'செத்தாள்' என்று குத்தினேன்.
கீழே மகளின் பத்தை இருபதாக்கினேன்.
என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று
மேற்பார்வையாளன் சொன்னது அன்றுதான்.

பிறகு சுவர்.
மர்த்து மேய்ப்பர்களைத் தடுக்கும் சுவர் எழுந்த ஆண்டு
என்றே ஆண்டுக்குப் பெயர்.
மர்த்துக்காரன் யாஷிலிமை எனக்குத் தெரியும்.
நான் எண்ணத் தொடங்குமுன்
எத்தனை என்று சொல்லிவிடுவான், தப்பாது.
சுவர் பெரிதா என்று கேட்டேன்.
"பெரிதுதான். முனைவரை நடக்க
நாலு நாள் ஆயிற்று" என்றான்.

வயல் வெளுத்தது.
உழுதால் மண்ணோடு உப்பு புரண்டது.
ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு முந்நூறு படி வாங்கியவர்கள்
அறுபது வாங்கினார்கள், பிறகு ஐந்து.
சூசாவின் முறை வந்தது. சூசா வரவில்லை.
எழுதினேன்: வரவில்லை.
எஷ்னுன்னா: வரவில்லை.
உம்மாவிலிருந்து கடிதம் வந்தது. எல்லாம் நலமாம்.
அடியில் மட்டும் வேறோர் ஆண்டுப் பெயர்.
அவ்வளவு சின்ன இடத்தில், கட்டைவிரல் அகலத்தில்,
ஒரு நாடு கழன்றுபோயிருந்தது.

எங்களுக்கும் புதுப் பெயர் வரவில்லை.
சுவர் எழுந்ததற்கு அடுத்த ஆண்டு என்று எழுதினோம்.
அதற்கும் அடுத்த ஆண்டு என்று எழுதினோம்.
அதற்குமேல் பலகையில் இடமில்லை.

தொழுவத்தில் நானும் காவலாளி லூ-உத்துவும் மிஞ்சினோம்.
ஒரு காலை, கழுத்தில் சீட்டில்லாத ஆடு ஒன்று
திறந்துகிடந்த வாசல் வழியே வந்தது.
பழக்கம் விடவில்லை.
பிசைந்தேன். நாணலைச் சீவினேன்.
ஒன்று, ஆடு, என்று எழுதினேன்.
தந்தவர்? பெற்றவர்? எந்த ஆண்டு?
லூ-உத்து கத்தி தேடப் போயிருந்தான்.

ஆடு கிட்டே வந்து
ஈரப் பலகையை நக்கத் தொடங்கியது.
உப்பு.
முதலில் எண்ணைத் தின்றது, பிறகு தன்னை.
நான் பலகையை
அதன் வாய்க்கு எட்டும்படி
இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.