நூறு ஹெர்ட்ஸ்

இரைச்சலைக் கொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
கிரீனக். ஏப்ரல். வழக்கமான மழை.
பெரிய வெள்ளிக்கு மறுநாள் காலை
ஏணியும் டெஸ்டருமாக ஆலயத்துக்குள் நுழைந்தேன்,
பதினெட்டு வருடம் கழித்து.
கடைசியாகப் போனது என் கல்யாணத்துக்கு.
அந்தப் பழுது வேறு கதை.

திருவிருந்து மேசைக்குப் பக்கத்தில்
மோர்வென் மண்டியிட்டிருந்தாள்.
ஜெபம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினேன்.
கேபிள் சொருகிக்கொண்டிருந்தாள்.
சிவப்பு, மஞ்சள், ஊதா;
பெட்டி நிறைய ஓட்டைகள்,
ஓட்டைக்கு ஒரு சத்தம்.

மாடியிலிருந்து தரைவரை கயிறுகள்.
மீட்புப் படகுகளில் கழித்துக் கட்டியவை.
செம்புக் கம்பி கூட்டி முறுக்கி
இஷ்பெல் பின்னிய வலை.
தொட்டால் பாடும்.
தொட்டவர் இன்னொருவர் கையைப் பிடித்தால்
வேறு மாதிரி பாடும்.
இரவு ஆராதனைக்கு வருகிறவர்கள்
ஆளுக்கொரு முனை பிடிப்பார்களாம்.
நடுவில் ஒலுமிடே,
ஆஸ்பத்திரி நைட் டூட்டி முடிந்த கண்களோடு
ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தான்,
கல்லறைக்குள் ஒருவர்
புரண்டு படுக்கிற மாதிரி.

"கேட்கிறதா?" என்றாள் மோர்வென்.
கேட்டது.
பதில் சொல்ல மனமில்லாத ஆள்போல
ம்ம்ம்.

"இன்றைக்கு அவர் செத்துக் கிடக்கும் நாள்.
எனக்குச் சுத்தமான மௌனம் வேண்டும்.
அங்கிருந்துதான் தொடங்க முடியும்."

எர்த்தைக் கழற்றி மாட்டினேன்.
விளக்கு டிம்மரை அணைத்தேன்.
சமையலறை ஃபிரிட்ஜ், கழிப்பறை விசிறி,
கடைசியில் மெயினையே இறக்கினேன்.
இருட்டில்,
ம்ம்ம்.

அப்புறம்தான் சுவரில் காது வைத்தேன்.
அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர்.
நாலு தெருவுக்கு வெளிச்சம் கொடுக்கிறது.
மின்சாரம் ஓடுவது ஐம்பதில்,
இரும்பு நடுங்குவது நூறில்.
"இது ஒயரில் இல்லை" என்றேன்,
"கல்லில் இருக்கிறது."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.
மடியில் ஊதா கேபிள்.

இஷ்பெல் எங்கள் உதடுகளைப் பார்த்திருக்கிறாள்.
பிறவியிலேயே காது கேளாதவள்.
கடைசி வரிசைப் பெஞ்சுக்குப் போனாள்,
இடது உள்ளங்கையை மரத்தில் வைத்தாள்,
வலது கையால் பேசினாள்.
டார்ச் வெளிச்சத்தில் ஒலுமிடே குரல் கொடுத்தான்:
ஐந்து வயதிலிருந்து இது என் இடம்.
நீங்கள் எழுந்து நின்று
வாயசைக்கும்போதெல்லாம்
எனக்கு வந்து சேர்ந்தது இதுதான்.
இதை ஏன் நிறுத்தப் பார்க்கிறீர்கள்?

மெயினை ஏற்றச் சொன்னாள் மோர்வென்.
ஒரு திருகைத் தொட்டாள்,
மயிரிழை, இன்னொரு மயிரிழை.
இரண்டு அலைகள் உரசிப் படபடத்தன,
படபடப்பு மெதுவானது,
இன்னும் மெதுவானது,
நின்றது.
ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே
கீர்த்தனைப் புத்தகத்தில் இல்லாத இடம்.
ஆர்கனால் அங்கே போக முடியாது.
சுவரோடு சுருதி சேர்ந்துவிட்டது.

ஃபியூஸைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று
இரவும் இருந்தேன்.
யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

எழுபது பேர்.
ஒரு மெழுகுவர்த்திகூட இல்லை.
பிரிங்கிள் என்ற மூப்பர் எழுந்தார்:
"சர்க்கரை ஆலையை எப்போதோ மூடியாயிற்று,
இங்கே ஏன் ஓட்டுகிறீர்கள்?"
கதவை அறைந்து போனார்.
மறந்த குடைக்குத் திரும்பி வந்தார்.
அந்நேரம் யாரோ ஒரு பிள்ளை
கயிற்று முனையை நீட்ட,
குடையை விடாமலே பிடித்துக்கொண்டார்.
பிடித்ததும் உயரத்தில் ஏதோ விழித்தது,
உத்தரத்துப் புறா மாதிரி.

இஷ்பெல் வலையில் இல்லை.
தன் பெஞ்சில், இரண்டு கையும் மரத்தில்,
எங்களுக்கு முன்பே தெரிந்தவள்போல.

என் பக்கமும் ஒரு முனை வந்தது.
பிடித்தேன். சத்தம் இல்லை.
வலை அறுந்துவிட்டதோ என்று
மேலே பார்த்தேன்.
அறுபடவில்லை.
காலையிலிருந்து போட்டிருந்த
ரப்பர் கையுறை.

கழற்றினேன்.
தாழ்ந்த, கரகரத்த ஏதோ ஒன்று
என்னிலிருந்து கிளம்பிக் கூரைக்குப் போனது.
பக்கத்தில் நின்ற பெண், யாரென்று தெரியாது,
தன் பிடியைக் கொஞ்சம் நகர்த்தி
இடம் விட்டாள்.