காலிக் கட்டம்

பாடாங் செராய், டீலர் மேசை.
"தொகைய அப்புறம் நிரப்பிக்கலாம்ணே,
இங்க ஒரு கையெழுத்து மட்டும்."
போட்டேன்.

செம்பனைக் குலை எண்ணுவது என் வேலை.
ஒரு குலை குறைந்தாலும்
மண்டோரோடு மல்லுக்கு நிற்பவன்.

மூன்றாம் மாதம் பாரம் கைக்கு வந்தது.
பேசியது முப்பத்தோராயிரம் வெள்ளி,
எழுதியிருந்தது முப்பத்தேழு.
கேட்காத காப்புறுதி,
கண்ணில் காணாத ஸ்போர்ட் ரிம்.

தவணை நின்றது.
விடியுமுன் மைவியை இழுத்துப் போனார்கள்,
பின்சீட்டில் மகளின் பள்ளிக் காலணியோடு.

"என்சிக் தவசீலன், இது உங்கள் கையெழுத்தா?"

"கையெழுத்து என்னுடையதுதான்.
எண் என்னுடையதல்ல, துவான்.
ஏழுக்கு நான் குறுக்குக்கோடு போடுவதில்லை."

தீர்ப்பாய அதிகாரி தலையாட்டி
அடுத்த விசாரணைக்குத் தேதி குறித்தார்:
பதினேழு.
ஏழின் இடுப்பில்
ஒரு சின்னக் கோடு.