முளை

கிம்பர்லியை விட்டுக் கிளம்பி மூன்றரை மணி நேரம்.
கடைசித் தூரம் முழுக்கச் செம்மண் பாதை,
பிறகு திடீரென்று வெள்ளை.
கலஹாரியின் சிவப்புக்கு நடுவில்
யாரோ மாவு மூட்டையைக் கவிழ்த்துவிட்டு
துடைக்காமல் போனதுபோல்
விட்சாண்ட் மணற்குன்றுகள்.

டயரில் காற்றைப் பாதியாய் இறக்கினோம்.
அது பெருமூச்சு விட்டது.
கூடவே நானும்.
மூன்று வார இரவுப்பணி, எக்ஸ்ரே அறை,
அடுத்தவர் எலும்பையே பார்த்துப் பார்த்து
வெயில் கூசும் கண்கள்.

தனபாலன் கூடாரத்தைப் பிரித்தான்.
"ஐந்தே நிமிடம்" என்றான்.
மணலைக் கயிறாய்த் திரிப்பவன் என்று
அம்மா அவனைச் சொன்னது
கல்யாணத்துக்கு முன்பு.
நான் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.

முதல் முளையை இறக்கினான்.
சுத்தியலே வேண்டியிருக்கவில்லை.
இட்லி வெந்ததா என்று
குச்சி விட்டுப் பார்ப்பதுபோல்
சுலபமாய் உள்ளே போனது,
ஒட்டாமல் திரும்பி வந்தது.
பன்னிரண்டு முளை. பன்னிரண்டும் அப்படியே.
"வெந்துருச்சுப்பா" என்றாள் தேஷ்னி.

அறைவதும் முளை, துளிர்ப்பதும் முளை
நம் மொழியில்.
இந்த மணல் இரண்டையும்
வாங்கிக்கொள்வதாய் இல்லை.

பக்கத்து முகாமில் அப்பிங்டன்காரர்கள்.
அவர்கள் கூடாரம் வண்டியின் தலைமேலேயே முளைத்திருந்தது.
இறைச்சியைத் திருப்பிக்கொண்டே
எங்களைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.
நான்கு மூலையிலும் தண்ணீர் கேன்களை வைத்துக்
கட்டி நிறுத்தினோம்.
கரியில் மசாலா தடவிய ஆட்டு விலா.
நட்சத்திரங்களைப் பற்றி
நான் எதுவும் சொல்லப் போவதில்லை.
அளவுக்கு மீறி இருந்தன.

இரண்டு மணிக்குக் காற்று வந்தது.
கேன்களில் பாதியை நாங்களே குடித்திருந்தோம்.
கூரை வயிற்றில் வந்து மோதியது, விலகியது.
தனபாலன் நடுக்கம்பைக் கட்டிப்பிடித்து
"ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது" என்றான்,
யாரிடம் என்று தெரியவில்லை.

நெற்றி விளக்கோடு வெளியே வந்தேன்.
அரிசியைப் பானையில் கொட்டினேன், பை கிடைத்தது.
வெங்காயப் பை வேண்டாம், அது வலை, ஒழுகும்.
தேஷ்னியின் பள்ளிக்கூடப் பை.
டயர்ச் சங்கிலி வைத்திருந்த சாக்கு.
என் தலையணை உறை, ஓரத்தில் நீலப்பூ போட்டது.
நான்கிலும் மணலை அள்ளித் திணித்து,
கழுத்தில் கயிறு கட்டி,
முழங்கை மறையும் ஆழத்துக்குக் குழி தோண்டி
படுக்கவைத்து மூடினேன்.

இழுத்துப் பார்த்தேன்.
வரவில்லை.
ஒரு காலை ஊன்றி
முழு எடையோடு இழுத்தேன்.
மணலை மணல் பிடித்துக்கொண்டிருந்தது.
அந்தக் குளிரில் தனியே நின்று
சத்தமாய்ச் சிரித்தேன்.
தூரத்தில் ஏதோ நரி
ஒரு கணம் ஊளையை நிறுத்தியது.

காலையில் எங்கள் காலடிகள் ஒன்றுமில்லை.
ஒரு வண்டு மட்டும்
தையல்போட்டுக்கொண்டு ஏறியிருந்தது.
மின்வெட்டுக்கென்று வாங்கிய மெழுகுவத்தியைப்
பலகையின் அடியில் தேய்த்துக்கொண்டு
தேஷ்னி பத்து முறை சறுக்கினாள்.
பதினோராவது முறை
"அம்மா, நீ."

உட்கார்ந்துதான் போனேன்.
பாதி வழியில் கீழிருந்து அது ஆரம்பித்தது,
லாரி ஒன்று நிலத்துக்குள் கியர் மாற்றுவதுபோல்
தொடை எலும்பு வழியே ஏறிப்
பற்களுக்கு வந்த முழக்கம்.
எத்தனை எலும்பைப் படம் பிடித்திருக்கிறேன்.
ஒன்றுகூட இப்படிப் பேசியதில்லை.
அடிவாரத்தில் விழுந்து கிடந்தேன்.
"கேட்டுச்சா?" என்று மேலேயிருந்து கத்தினாள்.

கூடாரத்தைச் சுருட்டும்போது மூன்று பைகள் வந்தன.
நான்காவதை எடுக்கப் போன தனபாலன்
கயிற்றை மட்டும் கொண்டுவந்தான்.
"நல்லாத்தான் திரிச்சிருக்கே" என்றான்.

திங்கள்கிழமைச் சோற்றில் மணல் கடித்தது.
நீலப்பூ தலையணை உறை
இந்நேரம் அங்கே, முழங்கை ஆழத்தில்,
கயிறு போனது தெரியாமல்
இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.