நூற்றுப்பத்து யூரோ

உன் சைக்கிளை விற்றுவிட்டேன், யெல்ட்யே.
நூற்றுப்பத்து யூரோ.
வாங்கியவன் டொக்கும் பக்கத்துப் பையன்.
மணியை அடித்துப் பார்த்தான், சிரித்தான், போனான்.
ஜன்னலருகே உட்கார்ந்திருந்த நீ
மணிச் சத்தத்துக்குத் திரும்பவில்லை.
அதனால்தான் விற்றேன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் கால்கள்.
முப்பது வருஷம் பாலக் காவல் அறைப் படிகளை
இரண்டிரண்டாய்த் தாவிய கால்கள்
சமையலறை வாசலில் நின்றுவிடும்,
யாரோ தரையில் பசை தடவியதுபோல.
கம்பள ஓரம் உனக்கொரு மேடு.
பிறகு ஈரம்.
ராத்திரியில் சலவை இயந்திரம் ஓட்டினேன்,
அப்போதுதான் மின்சாரம் மலிவு என்று பொய் சொல்லி.
பிறகு, என் கேள்விக்கும் உன் பதிலுக்கும் நடுவே
ஒரு கோப்பை காபி முழுசாய் ஆறியது.

டிமென்ஷியா என்றாள் உன் தங்கை.
ரொட்டிக் கடை வோப்கே தலையாட்டினாள்.
நானும்தான்.
அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபின்
வேறெதையும் தேட வேண்டியிருக்கவில்லை.
அலமாரிகளில் சீட்டு ஒட்டினேன்:
கரண்டி. கோப்பை. உப்பு.
உன் எதிரிலேயே முதியோர் விடுதிக்குப் போன் போட்டேன்:
"அவளுக்கு இப்போது ஒன்றும் புரிவதில்லை.
அறை எப்போது காலியாகும்?"

ஜனவரிப் பனியில் விழுந்தாய்.
லேவார்டன் ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர்
நெற்றிக் காயத்தைவிட
ஸ்கேன் படத்தையே அதிக நேரம் பார்த்தார்.
"மூளைக்குள் நீர் அறைகள் வீங்கியிருக்கின்றன.
சுருங்கிய மூளையா, நெருக்கப்பட்ட மூளையா?
சோதித்துவிடலாம்."

நடைக்கூடத் தரையில் பத்து மீட்டருக்கு நாடா.
ஸ்டாப்வாட்ச்சோடு ஃபென்னா.
நாற்பத்துநான்கு அடி, முப்பத்தொரு வினாடி.
பிறகு முதுகின் அடியில் ஊசி.
நாற்பது மில்லி.
கலங்கலாய் வருமென்று நினைத்திருந்தேன்,
குழாயில் பிடித்த தண்ணீர்போல் அத்தனை தெளிவு.

மூன்று மணி நேரம் கழித்து, அதே நாடா.
இருபத்துநான்கு அடி.
ஃபென்னா கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள்.
கோடியில் யாரும் பிடிக்காமல் திரும்பினாய்,
என்னை மேலும் கீழும் பார்த்தாய்:
"சிட்சே, ஸ்வெட்டரை உள்வெளியாய்ப் போட்டிருக்கிறாய்."

மண்டையிலிருந்து வயிற்றுக்கு
தோலடியில் ஒரு குழாய் வைத்தார்கள்.
காதுக்குப் பின்னால் தொட்டால்
பட்டாணி அளவு வால்வு.
எல்லாம் திரும்பிவிடவில்லை.
போன கோடை முழுசும் உன்னிடம் இல்லை,
கடை பில்லைக் கூட்டும்போது உதடு தடுமாறுகிறது.
"கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்" என்றார் டாக்டர்.
அந்த "இருந்தால்" என்னைத்தான் பார்த்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்
சீட்டுகளை நகத்தால் கிள்ளி உரித்தாய்.
உப்பை மட்டும் விட்டுவைத்தாய்,
நான்தான் எப்போதும் சர்க்கரை என்று எடுப்பேனாம்.
என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்:
"எல்லாம் கேட்டது, சிட்சே.
விடுதிக்குப் பேசியதும் கேட்டது.
பாலம் தூக்கியே இருந்தது, அவ்வளவுதான்.
என் பதில் தடுப்புக் கம்பியின் இந்தப் பக்கம்
சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது.
படகு நீளமாய்ப் போய்க்கொண்டே இருந்தது."

சைக்கிள் என்றதும்
நான் பாத்திரம் கழுவப் போனேன்.

சாயங்காலம் தோட்டத்தில் இருக்கிறேன்.
மாடி ஜன்னல் திறக்கிறது.
ஒரு தூண்டில் கழி நீள்கிறது, 
அதன் நூலில் ஆடிக்கொண்டு இறங்குகிறது
மஞ்சள் மரச்செருப்பு.
படகுக்காரர்களிடம் நீ சுங்கம் வாங்கிய அதே செருப்பு.
என் மூக்குக்கு நேராய் நிற்கிறது.

"நூற்றுப்பத்து" என்கிறாய் மேலிருந்து.

பையைத் தடவுகிறேன். இருபதுதான் இருக்கிறது.

"அப்படியானால் அங்கேயே நில்."