பாஸ் மார்க்

காலை ஐந்தரை மணிக் காற்றை
எண்ணாக வாங்கிக்கொண்டு
மாடல் ஓடத் தொடங்குகிறது.
இருபது முறை ஓடும்.
ஒவ்வொரு முறையும் தொடக்கத்தை
ஒரு மயிரிழை மாற்றி வைப்போம்:
கடல் ஒரு புள்ளி கூடச் சூடு,
காற்றில் ஒரு கை ஈரம் குறைவு.

மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கட்டம்.
வியாசர்பாடி ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.
ரயில் பாலம், ஹவுசிங் போர்டு பிளாக்குகள்,
புல் இல்லாத கால்பந்துத் திடல்,
கார்னர் கொடிக்குப் பக்கத்தில் சுண்டல் வண்டி
எல்லாவற்றுக்கும் சேர்த்து
ஒரே வெப்பம், ஒரே ஈரம்.
இரண்டு மூன்று கட்டம் தள்ளி
மணலி ஆலையின் தீ
இரவெல்லாம் எரிவது
என் கணக்குக்குத் தெரியாது.

மின்னலும் தெரியாது.
இதை நாங்கள் வெளியே அதிகம் சொல்வதில்லை.
மேகம் எத்தனை வேகமாக மேலே ஏறுகிறது,
உச்சியில் எவ்வளவு பனித்தூள்,
நடுவில் நொய்யரிசி போல எவ்வளவு பனிக்குருணை,
இரண்டும் உரசினால் எது எதனிடம் பறிக்கும்,
அத்தனையும் பெருக்கிக் கூட்டி
கடைசியில் ஓர் எண்.
அதற்குத்தான் மின்னல் என்று பேர்.
அடுத்த வீட்டுச் சண்டையை
பாத்திரச் சத்தத்தில் கண்டுபிடிப்பது மாதிரி.

பன்னிரண்டு மணிக்கு பியூலா கூப்பிட்டாள்.
இருபத்திரண்டு பெண்களுக்குக் கோச்.
போன வருடம் திடலோர வேப்பமரம்
பட்டப்பகலில் பிளந்ததிலிருந்து
பிராக்டிஸுக்கு முன்னால் எனக்கு ஒரு போன்.

"வெட்டுமா வெட்டாதா, அத்த மட்டும் சொல்லு."

இருபது ஓட்டத்தில் ஏழில் வெட்டுகிறது.
நாலிலிருந்து ஆறுக்குள்
முப்பத்தைந்து சதவீதம் என்றேன்.

"முப்பத்தஞ்சா? பாஸ் மார்க்காச்சே."
கொஞ்ச நேரம் அவள் விசில்
சட்டைப் பொத்தானில் இடிக்கும் ஓசை.
"பாஸாவுறது யாரு, மின்னலா, நாங்களா?"

முடிவு சொல்வது என் வேலையில்லை.
நிகழ்தகவு சொல்வதுதான் வேலை, எழுதியே வைத்திருக்கிறார்கள்.
ஏழு படங்களையும் திறந்து வைத்துக்கொண்டேன்.
ஏழிலும் கடற்காற்று
இரண்டு மணிக்கே காசிமேட்டில் கரையேறி
பேசின் பிரிட்ஜைத் தாண்டிப் போய்
மேற்கத்தி மேகத்தை வழிமறிக்கிறது.
மற்ற பதின்மூன்றில் அந்த மேகம்
புழல் ஏரிக்கு மேலேயே
களைத்து உட்கார்ந்துவிடுகிறது.
"உள்ள வெச்சுக்கோ" என்றேன்.

"நாலு நாள்ல செலக்சன். ஜெனிட்டா என்ன கொன்னுடுவா."
ஆனாலும் வைத்துக்கொண்டாள்.

ஐந்து பன்னிரண்டுக்கு
கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில்
ஒரு விளக்குக் கம்பத்தில் இறங்கியது.
யாருக்கும் ஒன்றும் இல்லை.
வியாசர்பாடியில் வெயில்.
மாநகராட்சிப் பள்ளி வராந்தாவில்
இருபத்திரண்டு பேர் பந்தைச் சுவரில் உதைத்தபடி
காலித் திடலில் வெயில் விளையாடுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரவு சரிபார்க்கும் அட்டவணை.
சொன்னோம், வந்தது.
சொன்னோம், வரவில்லை.
சொல்லவில்லை, வந்துவிட்டது.
சொல்லவுமில்லை, வரவுமில்லை.
சொன்னோம், வந்தது,
ஆனால் பக்கத்துக் கட்டத்தில் என்பதற்கு
இடம் கிடையாது.
இரண்டாவதில் ஒரு கோடு போட்டேன்.
பியூலாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்:
"உன் மின்னலு ஃபெயிலு."
பின்னால் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள்.
ஜெனிட்டாவாக இருக்கும்.

மறுநாள்
இருபதில் பத்தொன்பது ஓட்டம் நிர்மலமான வானம்.
ஒன்றே ஒன்றில், பதினான்காவதில்,
நாலு நாற்பதுக்கு
சரியாக அந்தத் திடல் இருக்கும் கட்டம்
கரும்சிவப்பு.
பெரிதாக்கினேன்.
பெரிதாக்கினாலும் அதே மூன்று கிலோமீட்டர்தான்,
உள்ளே திடலும் இல்லை,
யாரும் ஓடிக்கொண்டிருக்கவும் இல்லை.

போன் அடித்தது.
எடுத்தவுடனே கேட்கிறாள்,
"இன்னிக்கு இன்னா மார்க்கு?"